வேட்டியும் வார நாளும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எழுதும் பொருளைத் தேடிக் கல்லூரியின் பழைய புகைப்படங்களோடு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். முகங்களைக் காணவே படங்களை எடுத்தேன். ஆயினும் கண் சென்று தங்கியது உடையில். தொடக்க கால ஆசிரியர் குழுப் படங்களில், முன்வரிசை நாற்காலிகளில் வீற்றிருப்போருட் பாதிப் பேர் வேட்டியும் நஷனலும் அணிந்து, சால்வையை மடித்துத் தோளில் இட்டிருக்கின்றனர். பத்தாண்டுக்கு ஒன்றாகப் படங்களை வரிசையில் வைத்துப் பார்த்தால், முன்வரிசையின் வெண்மை சிறிது சிறிதாகத் தேய்ந்து வருவது தெரிகிறது. ஒரு படத்திலே தமிழாசிரியரும் சமய ஆசிரியரும் மட்டும் வேட்டியில் இருக்கின்றனர். அதற்கடுத்ததில் தமிழாசிரியர் தனித்து நிற்கிறார். பின்னர் அவரும் நீளக் காற்சட்டைக்கு மாறிவிட்டார். ஆசிரியைகளோ முதற் படந்தொட்டு இறுதிப் படம் வரை சேலையிலேயே இருக்கின்றனர்.

வேட்டி நம்மிடையே அழிந்தொழிந்தது என்று யான் சொல்ல வரவில்லை. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலே பிரதோஷ வேளையில் நின்று பாருங்கள். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கும் வெள்ளவத்தை மயூரபதி அம்மன் கோயிலுக்கும் வெள்ளிக்கிழமை மாலையிற் சென்று பாருங்கள். வேட்டிக்கு அங்கே குறைவில்லை. ஆனால் உள்ளே போகாமல் வாயிலிற் சிறிது நேரம் நின்றால் மற்றொரு காட்சியும் காணலாம். கந்தோரிலிருந்து நேரே வந்த அன்பர் ஒருவர், மோட்டார் வண்டியின் பின்னிருக்கையிற் குனிந்தும் நெளிந்தும் காற்சட்டையைக் களைந்து வேட்டிக்கு மாறுகின்றார். வழிபாடு முடிந்ததும் வந்த வேகத்தினும் இரட்டிப்பு வேகத்தோடு மீண்டும் காற்சட்டைக்குள் புகுந்துவிடுகின்றார். இறைவன் சந்நிதியில் உடுக்கத் தகுந்த ஆடை காலி வீதியில் உடுக்கத் தகாததாயிற்று. அதன் காரணத்தை அவரும் ஆராய்ந்ததில்லை, நெடுங்காலம் யானும் ஆராய்ந்ததில்லை.

கோயில், கல்யாணம், செத்தவீடு, பொங்கல் ஆகிய நான்கிடத்தும் வேட்டி உடுப்போம். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குச் செல்லும்பொழுது உடுக்கமாட்டோம். விசேஷ நாளுக்கு மாத்திரம் உரிய உடை காலப்போக்கில் நாடக உடையாகிவிடும் என்பதே என் அச்சம். ஓர் உடையை உயிரோடு வைத்திருப்பது திருவிழா அன்று. விசேஷம் ஒன்றுமில்லாத நாள்தான்.

இதனை மேடைப் பேச்சாகக் கூறவில்லை. பேலியகொடையிலே களஞ்சியம் ஒன்றன் கணக்குக் கந்தோரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் யான். 2017ஆம் ஆண்டு, ஐம்பத்து நான்காம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை முதன்முதலாக வேட்டி உடுத்து வேலைக்குச் சென்றேன். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் அதனை எண்ணிக்கொண்டே இருந்தேன். திங்கள் இரவில் வேட்டியை எடுத்து வைப்பதும், செவ்வாய் காலையில் உடுத்துக் கண்ணாடி முன் நிற்பதும், பின்பு மழை வரும் என்றோ கணக்காய்வாளர் வருவார் என்றோ ஒரு நியாயம் கற்பித்து அதனைக் களைவதுமாகப் பல வாரங்கள் கழிந்தன. ஈற்றில், பொறுமையிழந்த என் மனைவியார், “போறதெண்டால் இப்பிடியே போங்கோ, இல்லையெண்டால் இனி இந்தக் கதையை விடுங்கோ” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். என் துணிவில் அரைவாசி அவருடையது.

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து சென்ற பஸ்வண்டியிலே ஓர் இளைஞர் எழுந்து இருக்கை தந்தார். என்னைக் கோயிற் குருக்கள் என்று கருதினாரோ, நகரசபை உறுப்பினர் என்று கருதினாரோ அறியேன். களனி ஆற்றுப் பாலத்தின் நடுவிலே வாகன நெரிசலில் வண்டி நின்றபொழுது, எல்லோரும் என்னையே நோக்குவதாகத் தோன்றிற்று. பின்னர் எண்ணிப் பார்த்தேன், நோக்கியவர் இருவர், அவர்களுள் ஒருவர் என் பின்னாலிருந்த கடிகாரக் கடை விளம்பரத்தை நோக்கியவர். களஞ்சிய வாயிலிற் காவலாளி அதுவரை எனக்குச் செய்யாத வணக்கம் ஒன்று செய்தார். உள்ளே நுழைந்ததுமுதல் மதிய உணவு வரை, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே வினாவை நால்வர் கேட்டனர்: “இன்று என்ன விசேஷம்?” மகளுக்குக் கல்யாணமா என்றார் ஒருவர். எவரேனும் காலமாகிவிட்டனரோ என்று குரலைத் தாழ்த்தி வினவினார் இன்னொருவர். “இன்று செவ்வாய்க்கிழமை” என்பதே யான் எல்லோருக்கும் கூறிய விடை.

அடுத்த செவ்வாய் இருவர் கேட்டனர். அதற்கடுத்ததில் எவரும் கேட்கவில்லை. மூன்று மாதங் கழித்து, கார்த்திகை மழையில் வேட்டிகள் உலராமையால் ஒரு செவ்வாய்க்கிழமை காற்சட்டையோடு சென்றேன். பக்கத்து மேசையில் இருந்த சிங்கள நண்பர் தலை நிமிர்ந்து, “இன்று என்ன விசேஷம்?” என்றார்.

வீட்டிலிருந்து வாயில் வரையுள்ள தூரமே கடினமானது என்பதை அந்த மூன்று மாதங்களிற் கண்டேன். மக்கள் பார்க்கின்றனர், வினவுகின்றனர், மறந்துவிடுகின்றனர். அவர்கள் மறக்கும் வரை பொறுத்திருப்பதற்கே துணிவு என்று பெயர் வைத்திருக்கின்றோம் போலும்.

பேலியகொடையில் இத்துணிவு வேண்டியிருந்தது என்பதே ஒரு விந்தை. கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்களில், தைக்காத துணியை இடுப்பிலே சுற்றிய ஆடவரை இங்கே காண்பதுபோல வேறெங்கும் காண்பதரிது. 2011இல் கொழும்பின் மீன் மொத்தச் சந்தை இவ்விடத்துக்கு வந்தது; 2020ஆம் ஆண்டிறுதியில் புறக்கோட்டை மனிங் சந்தையும் வந்து சேர்ந்தது. விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தைப் பக்கம் செல்பவர், சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிய நாட்டாமைமார் மரக்கறி மூடைகளைத் தலையிற் சுமந்து ஓடுவதைக் காணலாம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு அந்தச் சாரத்திலே தோன்றாது. அகன்ற இடுப்புப்பட்டியைச் சாரத்தின்மேற் கட்டிய முதலாளிமாரும் உளர். மற்றொரு பக்கத்தில், 1875இல் தோன்றிய வித்தியாலங்காரப் பிரிவேனா இருக்கின்றது. அங்கிருந்து காவியுடையோடு பஸ்வண்டியில் ஏறும் பிக்குவை நோக்கி, இன்று என்ன விசேஷம் என்று எவரேனும் கேட்பதுண்டா? ஆகவே, சுற்றிக் கட்டும் உடை பேலியகொடைக்குப் புதிதன்று. துறவியிடத்தும் தொழிலாளியிடத்தும் அது இயல்பாகத் தோன்றுகிறது. நடுவே மேசைமுன் அமர்ந்து பேனா பிடிப்பவன் உடுத்தால் மட்டும் கேள்வி எழுகின்றது. அவனுடைய நாற்காலியை இங்கு கொண்டுவந்து இட்டவர்கள் காற்சட்டை அணிந்த துரைமார் என்பதே அதற்குரிய காரணங்களில் ஒன்று.

ஒன்று மாத்திரமே. மற்றக் காரணம் நாணத்தைச் சேர்ந்ததன்று, அச்சத்தைச் சேர்ந்தது.

என் தந்தையாரும் பேலியகொடையிலே ஒரு கடையிற் கணக்கெழுதியவர். நாள்தோறும் வெள்ளை வேட்டியோடும் கையிலே குடையோடும் செல்வார். 1983ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி திங்கட்கிழமையும் அவ்வாறே சென்றார். முற்பகலில் நகரத்தின் பல திசைகளிலும் புகை எழுந்தது. அவரோடு வேலைசெய்த சிங்களத் தொழிலாளர் ஒருவர், களஞ்சியத்தின் பின்னறைக்கு அவரை அழைத்துச் சென்று, தம்முடைய மாற்றுச் சாரத்தை நீட்டி, “ஐயா, வேட்டியைக் கழற்றுங்கள்” என்றாராம். நீலக் கோடிட்ட பழைய சாரம் அது. அதனை உடுத்து, நெற்றித் திருநீற்றைத் துடைத்து, பார வண்டியிலே மூடைகளுக்கிடையே இருந்து தந்தையார் வீடு சேர்ந்தார். வழியில் மூன்றிடத்தில் வண்டி மறிக்கப்பட்டது. பேசியவர் சாரம் தந்தவர். தந்தையார் வாய் திறக்கவில்லை. அந்நாட்களிற் சில சிங்களச் சொற்களைச் சொல்லச் சொல்லித் தமிழரை நாவினாற் பிரித்தறிந்தார்கள் என்பதை மூத்தோர் அறிவர். வேட்டி உடுத்தவனிடம் அச்சோதனைக்கே தேவையில்லை.

அச்சாரத்தைத் தோய்த்து மடித்துத் தந்தையார் பெட்டியில் வைத்தார். பின்பு வேலைக்குத் திரும்பியபொழுது காற்சட்டையோடு சென்றார். இறக்கும் வரை கோயிலுக்கன்றி வேறெங்கும் வேட்டியோடு வெளிச்செல்லவில்லை. அவரிடம் யான் அதுபற்றி வினவியதில்லை, அவரும் கூறியதில்லை. கொழும்பிலே பல தமிழ் வீடுகளில் வேட்டி பெட்டிக்குள் சென்றது இவ்வாறுதான். 1958, 1977, 1983 என்னும் ஆண்டுகளை விட்டுவிட்டு, காலத்தின் நாகரிகத்தால் வேட்டி மறைந்தது என்று கூறுவோர் பாதிக் கதையையே கூறுகின்றனர்.

தடையினால் ஓர் உடை எவ்வாறு மாறிப்போகும் என்பதற்கு ஸ்கொத்லாந்தின் கதையை ஈண்டு நினைத்தல் பொருந்தும். இடுப்பைச் சுற்றிப் பின்புறம் மடிப்பு மடிப்பாகக் கொசுவி, முழங்கால் வரை தொங்கவிடும் கட்டமிட்ட கம்பளி உடையை அந்நாட்டு மலைப்பகுதி ஆடவர் உடுத்தனர். கில்ற் என்பது அதன் பெயர். அதற்கு 8 யார் துணி வேண்டும் என்பர். நம் வேட்டி 8 முழத்தில், அதில் அரைவாசித் துணியில் அடங்கிவிடும். குளிர் நாட்டாருக்கும் வெயில் நாட்டாருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. 1746இல், கலொடன் போரில் மலைநாட்டார் தோல்வியுற்ற பின்னர், இலண்டன் பாராளுமன்றம் அவ்வுடையைச் சட்டத்தால் விலக்கிற்று. முதன்முறை உடுத்தவனுக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை உடுத்தவனுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். அரசனுடைய படையிற் சேர்ந்த மலைநாட்டு வீரருக்கு மாத்திரம் அது அனுமதிக்கப்பட்டது. 1782இற் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 36 ஆண்டுகளில் ஒரு தலைமுறை உடுக்கும் பழக்கத்தை இழந்துவிட்டது. ஏழை உழவர் காற்சட்டைக்குப் பழகிப்போயினர். உடையை மீண்டும் கையிலெடுத்தவர்கள் நிலக்கிழாரும் சங்கங்களை நடத்திய பிரபுக்களும் ஆவர். 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபொழுது, நாவலாசிரியர் வால்ற்றர் ஸ்கொற் ஏற்பாடு செய்த விழாவிலே மன்னரே கில்ற் உடுத்துத் தோன்றினார். எந்த அரசு விலக்கியதோ அந்த அரசின் தலைவர் அதனை விழா உடையாக்கிவிட்டார்!

இன்றும் அந்நாட்டார் பலர் திருமணத்துக்குக் கில்ற் அணிகின்றனர். அதற்கென வாடகைக்கு எடுப்பவரும் பலர். நாள்தோறும் உடுத்து வேலைக்குச் செல்வோர் மிகச் சிலர். அச்சிலர் தம் முதல் நாளைப் பற்றிக் கூறுவனவும் யான் மேலே கூறியனவும் ஏறக்குறைய ஒன்றே: வாயிற்கதவு, பஸ்வண்டி, பெருங்காற்று, “இன்று கல்யாணமா?” என்னும் கேள்வி. உலகம் சிறிது. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை நடத்தியவர்களிற் பலர் ஸ்கொத்லாந்தர். 1867இல் லூல்கந்தரையிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெயிலரும் அந்நாட்டவரே. தம் நாட்டு உடையைத் திருவிழாவுக்கு ஒதுக்கிவிட்டு வந்தவர்களைப் பார்த்தே நாமும் நம்முடையதைத் திருவிழாவுக்கு ஒதுக்கக் கற்றோம் என்பது சற்றே கசப்பான நகைச்சுவை.

நம் முன்னோர் இதனை உணராமலில்லை. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1905இல் ‘இரவல் இறகுகள்’ எனப் பொருள்படும் சிறு நூலை ஆங்கிலத்தில் எழுதிக் கண்டியில் அச்சிட்டார். மேல்நாட்டாரின் உடையை விளங்காமற் பின்பற்றும் இலங்கையரை அதிற் கடிந்தார். யாழ்ப்பாணத்திலே 1924இல் எழுந்த மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது, கதரையும் தேசிய உடையையும் தன் கொள்கைகளுட் சேர்த்துக்கொண்டது. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தமை அதன் அழைப்பினாலாகும். முதற் படங்களின் முன்வரிசையிலே காணும் வெண்மைக்கு மூலம் இந்த இயக்கமே எனலாம். அவ்வாசிரியர்கள் வேட்டியைப் பாட்டனாரிடமிருந்து வாளா பெற்றவர்களல்லர். அவர்களுட் பலர் காற்சட்டை அணிந்து கல்வி கற்று, பின்பு அதனைத் துறந்து, வார நாளிலே வேட்டி உடுத்தவர்கள். யாம் இன்று தயங்கும் அதே வாயிற்படியை அவர்களும் ஒரு காலையிலே தாண்டியிருத்தல் வேண்டும்.

இங்கு ஒரு மறுப்புக்கு விடை கூறாது செல்லுதல் நேர்மையன்று. வேட்டி எல்லோருக்கும் ஒரேவகையான நினைவைத் தருவதில்லை. யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்டோர் முழங்காலின் கீழ் வேட்டியைத் தாழ்த்தி உடுக்கவும், தோளிற் சால்வை இடவும், மேற்சட்டை அணியவும் தடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர் எதிர்ப்படின், தோளிலுள்ள துணி இடுப்புக்கு இறங்கவேண்டும். 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக வாயிலில் அமர்ந்தவர்களின் நினைவு இன்னும் அழியவில்லை. அத்தகைய குடியிற் பிறந்த ஒருவர் காற்சட்டையை அணிந்து சந்தியிலே நிமிர்ந்து நடந்தபொழுது, அவருக்கு அது அடிமைச் சின்னம் அன்று, விடுதலைச் சின்னம். காந்தியடிகள் 1921 செப்டெம்பரில் மதுரையில் அரைத்துணிக்கு மாறினார். பத்தாண்டின் பின் அதே கோலத்தில் இலண்டன் அரண்மனைக்கும் சென்றார். டாக்டர் அம்பேத்கரோ கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே வாழ்ந்தார். அவ்விருவர் உடையிலும் பொருள் இருந்தது. நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், எனக்கு மிக வேண்டியவர், “உமது வேட்டியை நீர் உடுத்தும், என் தகப்பனாருக்கு மறுக்கப்பட்டதை யான் ஏன் தேடிப்போக வேண்டும்?” என்று என்னிடம் கேட்டார். அவருக்குக் கூறத்தக்க விடை என்னிடம் இல்லை. அவர் உடுக்க விரும்பின் எவரும் தடுக்கவியலாத நிலை வேண்டும். உடுக்க விரும்பாவிடின் எவரும் குறைகூறாத நிலையும் வேண்டும். அவ்வளவே சொல்லக்கூடும்.

ஆதலால் வேட்டியைக் கட்டாயமாக்குக என்போரோடு யான் உடன்படேன். பூட்டான் நாட்டிலே 1989இல் அரச கட்டளையால் தேசிய உடை கட்டாயமாக்கப்பட்டது. அந்நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த நேபாளி பேசும் மக்கள் மீதும் அது சுமத்தப்பட்டது. அவர்கள் பட்ட துன்பங்களுட் சிறிதேனும் அந்த உடையின் பேரால் வந்தது. பல்லாயிரவர் அகதிகளாக நேபாளம் சென்றனர். சிறுபான்மையாராகிய நமக்கு அப்பாடத்தை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதற்கு மாறாக, மியன்மாரிலே ஆடவர் லோஞ்சி என்னும் சாரத்தை உடுத்துக் கந்தோருக்கும் கடைக்கும் செல்வதை, எவரும் பேசுபொருளாக்குவதில்லை. அந்நிலையே விரும்பத்தக்கது.

விலக்குவதும் கட்டாயமாக்குவதைப் போன்றதே. 2014 யூலையிற் சென்னையிலே தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி உடுத்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாயிலில் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டம் இயற்றிற்று. வேட்டி உடுத்தமைக்காகப் பொது இடத்தில் ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபா அபராதமும் விதிக்கலாம். நல்ல சட்டமே. ஆயினும் சட்டம் வாயிலைத் திறக்கும். வேட்டியை உடுத்து அவ்வாயில் வழியே நடப்பதற்கு ஆள் வேண்டுமே!

முதற் பந்தியிலே ஆசிரியைகளின் சேலையைக் குறிப்பிட்டேன். பண்பாட்டைக் காப்பாற்றுக என்று மேடையிற் பேசும் ஆடவர் பலர் காற்சட்டையோடு நின்று பேசுகின்றனர். முன்னால் அமர்ந்து கேட்கும் பெண்கள் சேலையோடு இருக்கின்றனர். ஆறு யார் சேலையை உடுத்து, காலை நெரிசலில் பஸ்வண்டி ஏறி, பிள்ளையையும் பையையும் சுமந்து, வகுப்பறையில் நாள் முழுவதும் நின்று கற்பிக்கும் ஒருவரிடம் சென்று, வேட்டி வேலைக்கு வசதியில்லாதது என்று எந்த ஆடவர் முறையிட முடியும்? 1983இல் அவர்களும் பொட்டை அழித்தார்கள். என் தாயாரும் அழித்தார். அகதி முகாமிலிருந்து வீடு திரும்பிய மறுநாட் காலையில், கதவு இல்லாத வாயிலில் நின்று மீண்டும் பொட்டிட்டுக்கொண்டார். அதனை ஒரு வீரச் செயலாக எவரும் எண்ணவில்லை. அச்சம் அவருக்கு இருந்திருக்கும். தந்தையாருக்கு இருந்ததிலும் குறைவாக இருந்திருக்க இயலாது. வேட்டி உடுத்தச் சென்ற முதல் நாள் என் நினைவிலே நின்றவர் அவரே.

அச்சம் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கூறமாட்டேன். நாட்டில் ஏதேனும் குழப்பச் செய்தி வந்தால், மறுநாட் காலையில் என் கை தன்னையறியாமற் காற்சட்டைப் பக்கம் செல்கின்றது. 2019 ஏப்பிரல் உயிர்த்த ஞாயிற்றின் பின் பல வாரங்கள் யான் வேட்டி உடுத்து வெளிச்செல்லவில்லை. அம்முறை ஐயத்தோடு நோக்கப்பட்டவர் தமிழரல்லர், முஸ்லிம் சகோதரரே. அவர்தம் பெண்களின் உடையை நோக்கியே விரல்கள் நீண்டன. ஆயினும் உடையினால் ஒருவரை இன்னார் என்று அறிந்து வெறுக்கும் கண்ணை யான் முன்பே அறிந்திருந்தேன். இளைஞர் எவரையும் “அஞ்சாதே, உடு” என்று ஏவும் தகுதி எனக்கில்லை. அச்சத்தினால் உடுக்காமலிருப்பதையும் வெட்கத்தினால் உடுக்காமலிருப்பதையும் ஒருவர் தம் மனத்தளவிலேனும் பிரித்தறிந்துகொண்டால் நல்லது. முன்னதற்கு எவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

வெட்கத்தைப் பொறுத்தவரையில், அதிற் பெரும்பகுதி வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்னும் பயமே! இதற்கு மருந்து எளிது. நாலு முழம் வேண்டாம்; எட்டு முழ வேட்டியை இரட்டையாக மடித்து உடுங்கள். மெல்லிய பளபளப்பு வேட்டி வழுக்கும். கைத்தறித் தடிப்பு வேட்டி இடுப்பிற் பற்றி நிற்கும். மேலே இடுப்புப்பட்டி கட்டுவது பாட்டன்மாரும் செய்ததே, அதில் இழுக்கில்லை. ஒட்டிக்கொள்ளும் பட்டி தைத்த வேட்டிகளை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விற்கின்றனர். அவற்றை இகழ்வோர் உளர். யான் இகழேன், நீந்தக் கற்பவன் மிதவை பிடிப்பதை ஒத்தது அது. உள்ளே பையுடைய அரைக் காற்சட்டை அணிந்தால் பணமும் கைத்தொலைபேசியும் வைக்க இடமாகும். பஸ்வண்டியில் ஏறும்போது முன்கரையை இடக்கையால் ஒரு சாண் உயர்த்துங்கள். படி ஏறும்போதும் அவ்வாறே. சப்பாத்து வேட்டிக்கு ஒவ்வாது, செருப்பே பொருந்தும். தூய வெள்ளை பேலியகொடைச் சேற்றுக்கு நில்லாது. பழுப்பு வெள்ளை நிற்கும். மோட்டார்ச் சைக்கிளில் செல்வோரும் இயந்திரத்தருகே வேலை செய்வோரும் வேட்டி உடுக்க வேண்டாம். அவர்களுக்கு அது ஆபத்து. முதல் நாள் கந்தோருக்குச் செல்லாதீர்கள். கடைக்குப் பாண் வாங்கச் செல்லுங்கள். மறுநாள் நூலகத்துக்கு. ஒரு மாதத்தின் பின் வேலைக்கு. யான் இம்முறையைப் பின்பற்றாமல் மூன்றாண்டுகளை வீணாக்கினேன்.

விழா இரவு விருந்துக்கு அனைவரும் வேட்டி உடுத்து வரும்படி விழாக்குழுவினர் கேட்டிருப்பதாக அறிகின்றேன். மறுக்கவில்லை, யானும் வருவேன். ஆனால் விருந்துக்கு எல்லோரும் வேட்டி உடுப்போம் என்பதை யான் முன்பே அறிவேன். அதன் அடுத்த மாதம் பழைய மாணவர் சங்கச் செயற்குழுக் கூட்டம் வழமைபோல ஒரு வார நாள் மாலை நடைபெறும். அக்கூட்டத்தில் பேசப்படுவன கணக்கறிக்கையும், விளையாட்டு மைதானத்தின் வேலி திருத்துவதும். விசேஷம் ஒன்றுமில்லை. அன்று காலையிலேயே வேட்டி உடுத்து, வேலைக்குச் சென்று, அங்கிருந்து நேரே கூட்டத்துக்கு வருவோர் எத்தனை பேர் என்று பார்க்க விரும்புகின்றேன். ஐவர் வந்தால் மகிழ்வேன். யான் பஸ்வண்டியிலேயே வருவேன். என் பையில் இரண்டு எட்டு முழ வேட்டிகள் இருக்கும். உடுக்கத் தெரியாத இளைஞர் எவரேனும் கால் மணி நேரம் முன்னதாக வந்தால், மண்டபத்தின் பின்னறையிலே உடுத்துக் காட்டுவேன்.